தாவர நூல் தந்த லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ்

(உறுப்பினர் கல்விப் பகுதி)

நம் சங்கத்தில் தறியில் அமர்வோரும் உளர். ஏர் பிடிப்போரும் உளர். இவ்விரு திறத்தாரும் நாள்தோறும் கையாளும் பொருள்களுட் பல செடிகளிலிருந்தே வருகின்றன. பஞ்சு செடியின் கொடை. அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் செடிகளின் கொடை. நெல்லும் சோளமும் மிளகாயும் அவ்வாறே. ஆயினும், 'இச்செடி இன்னதுதான்' என்று ஐயமின்றி அறிவது எத்துணை அரிய செயல் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பெயரைச் சொல்லி விதை வாங்கி வந்து, உழுது, உரமிட்டு, நீர் பாய்ச்சி, முளைத்து வளர்ந்தபின் அது வேறொன்றாக இருக்கக் கண்ட உழவரே அதன் அருமையை அறிவார்.

மருந்துச் செடிகளில் இத்தொல்லை இன்னும் மிகுதி. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்றும் நாம் வழங்கும் இரண்டும் ஒரே செடியின் இரு நிறங்கள் அல்ல. தாவர நூலார் கணக்கில் அவை வெவ்வேறு செடிகள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இப்படிப்பட்ட குழப்பம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மானிய நாடுகளில் மருத்துவரையும் மருந்து விற்போரையும் நோயாளரையும் இது வாட்டியது. அக்குழப்பத்தைத் தீர்க்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இத்திங்கள் பாடத்தில் காண்போம். அவர் பெயர் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ்.

பழைய நூலும் புதிய நிலமும்

ஃபுக்ஸ் பிறந்த காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் செடிகளைப் பற்றி அறிய நம்பியிருந்த முதன்மையான நூல், கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடீஸ் என்னும் கிரேக்க மருத்துவர் எழுதியதாகும். ஏறத்தாழ 600 செடிகளை அவர் அதில் குறித்திருந்தார். அவை பெரும்பாலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வெப்ப நாடுகளில் வளர்வன. ஜெர்மனியோ குளிர் மிகுந்த வடநாடு. அங்குள்ள காடுகளிலும் புல்வெளிகளிலும் வளர்ந்த செடிகள் பல அந்நூலில் இல்லை. நூலில் கண்ட செடிகள் பல அந்நிலத்தில் இல்லை.

அக்கால அறிஞரோ நூலை ஐயுறவில்லை. தம் நாட்டுச் செடி ஒவ்வொன்றும் எப்படியேனும் பழைய நூலில் இருந்தே தீரும் என நம்பி, ஓரளவு ஒத்த செடிக்கெல்லாம் பழைய பெயரைச் சூட்டினர். நூல்களில் இருந்த படங்களும் உதவவில்லை. ஒருவர் படத்தைப் பார்த்து மற்றொருவர் வரைந்து, அதைப் பார்த்து வேறொருவர் வரைந்து, பல நூறு ஆண்டுகளில் செடியின் உருவமே மாறிவிட்டது. நெய்த சேலையைப் பார்க்காமல், படியின் படியைப் பார்த்தே மீண்டும் மீண்டும் நெய்தால் கரையும் முந்தியும் என்னவாகும் என்பதை நெசவாளர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதன் விளைவு வெறும் ஏட்டுப் பிழையன்று. மருத்துவர்கள் செடிகளைத் தாமே அறிந்திலர். மருந்து விற்போரை நம்பினர். மருந்து விற்போர் தழை பறித்து வரும் எளிய மக்களை நம்பினர். எந்தத் தழை மருந்தாயிற்று, எது நஞ்சாயிற்று என்று இறுதியில் அறிந்தவர் நோயாளர் ஒருவரே. நூறு மருத்துவருள் ஒருவர்கூடச் சில செடிகளையேனும் செம்மையாக அறிந்தவர் அல்லர் என ஃபுக்ஸ் தம் நூலின் முன்னுரையில் மனம் வருந்தி எழுதினார்.

இளமையும் கல்வியும்

ஃபுக்ஸ் 1501-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் பவேரியப் பகுதியைச் சார்ந்த வெம்டிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக் கல்வியை முடித்தபின் எர்ஃபுர்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இந்த எர்ஃபுர்ட் நகரை நெசவாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம். ஊர் திரும்பிச் சிறிது காலம் பள்ளி நடத்தியபின், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1524-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அன்னா என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மக்கள் பதின்மர் பிறந்தனர்.

மார்ட்டின் லூதரின் சமயச் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவியவர் ஃபுக்ஸ். அதனால் இங்கோல்ஸ்டாட்டில் அவரால் நிலைத்திருக்க இயலவில்லை. 1528-இல் ஆன்ஸ்பாக் நகரில் சிற்றரசர் ஒருவரின் மருத்துவரானார். மறு ஆண்டு 'ஆங்கில வியர்வை நோய்' எனப்பட்ட கொள்ளைநோய் ஜெர்மனியில் பரவியது. அந்நோய்க்கு மருத்துவம் செய்து அவர் பெயர் பெற்றார். 1535-இல் உல்ரிச் என்னும் கோமகன் அவரைத் தம் நாட்டு டூபிங்கன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். அன்று முதல் 1566-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் மறையும் வரை 31 ஆண்டுகள் அங்கேயே மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு ஏழு முறை அவரிடம் வந்தது. வேற்று நாட்டு மன்னர் அழைத்தபோதும் அவர் அவ்வூரை விட்டு அகலவில்லை.

டூபிங்கனில் அவர் தம் வீட்டை ஒட்டி ஒரு செடித் தோட்டம் அமைத்தார். மாணவரை வயல்வெளிக்கும் மலைச்சாரலுக்கும் அழைத்துச் சென்று, நேரில் செடியைக் காட்டிப் பாடம் சொன்னார். ஏட்டைக் கண்ணால் படிப்பதோடு, செடியையும் கண்ணால் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1542-ஆம் ஆண்டின் நூல்

இவருக்கு முன்னரே இருவர் இவ்வழியில் நடக்கத் தொடங்கியிருந்தனர். ஒருவர் ஓட்டோ புருன்ஃபெல்ஸ். இவர் 1530-இல் வெளியிட்ட நூலில் ஹான்ஸ் வைடிட்ஸ் என்னும் ஓவியர் செடிகளை நேரில் கண்டு வரைந்த படங்கள் இருந்தன. மற்றவர் ஹீரோனிமஸ் போக். இவர் நாடெங்கும் நடந்து திரிந்து கண்டதை 1539-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். ஆனால் அந்த முதற்பதிப்பில் படங்கள் இல்லை. புருன்ஃபெல்ஸ், போக், ஃபுக்ஸ் ஆகிய மூவரையும் 'ஜெர்மானியத் தாவர நூலின் தந்தையர்' என்று பின்வந்தோர் போற்றினர்.

ஃபுக்ஸின் பெருநூல் 1542-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இசிங்ரின் என்பாரின் அச்சகத்தில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. ஏறத்தாழ 500 செடிகள் அதில் இடம்பெற்றன. 500-க்கு மேற்பட்ட முழுப்பக்கப் படங்கள் அமைந்தன. ஒவ்வொரு செடிக்கும் பெயர், வகை, உருவம், வளரும் இடம், பூத்துக் காய்க்கும் காலம், குணம், பயன் என வரிசையாகச் செய்திகள் தரப்பட்டன. கடினமான சொற்களுக்குப் பொருள் விளக்கும் பட்டியல் ஒன்றையும் ஃபுக்ஸ் நூலில் சேர்த்தார். ஒரு தொழிலைக் கற்க வேண்டுமாயின் முதலில் அதன் சொற்களைக் கற்க வேண்டும். பாவு, ஊடை, விழுது, பண்ணை என்பவற்றின் பொருள் அறியாதவனுக்கு நெசவைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

மறு ஆண்டே, 1543-இல், அந்நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இலத்தீன் அறியாத பொதுமக்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதே நோக்கம். 1545-இல் படங்களைச் சிறிதாக்கிக் கையடக்கப் பதிப்பும் வந்தது. பெருநூல் விலை மிகுந்தது. சுமந்து செல்லவும் இயலாதது. கையடக்கப் பதிப்பையோ காட்டுக்கும் வயலுக்கும் எடுத்துச் சென்று, செடியின் அருகில் வைத்தே ஒப்பிடலாம்.

படங்களைப் பற்றி ஒரு நுட்பம் கூறவேண்டும். வைடிட்ஸ் தம் கண்முன் இருந்த ஒரு செடியை உள்ளவாறே வரைந்தார்; இலை வாடியிருந்தால் வாடியதாகவும், கிழிந்திருந்தால் கிழிந்ததாகவும் வரைந்தார். ஃபுக்ஸ் வேறு வழியை மேற்கொண்டார். வேர், தண்டு, இலை, பூ, காய், விதை ஆகிய அனைத்தும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். புழு அரித்த ஓட்டை அந்த ஒரு செடியின் விபத்தேயன்றி அவ்வினத்தின் இயல்பன்று என்பது அவர் கருத்து. ஆகவே பூவும் காயும் வெவ்வேறு பருவத்தில் தோன்றுவன ஆயினும் ஒரே கிளையில் அவற்றைக் காட்டச் செய்தார். சில இடங்களில் ஒரே செடியில் பல நிறப் பூக்களையும் காட்டினார். அப்படி ஒரு செடி உலகில் இல்லைதான். ஆனால் செடியை அடையாளம் காண விரும்புவோர்க்கு அப்படமே பெரிதும் பயன்பட்டது. ஓவியர் தம் கைத்திறனைக் காட்ட நிழல் தீட்டுவதையும் அழகுக்காகக் கோடு சேர்ப்பதையும் அவர் தடுத்தார். அழகைவிட உண்மையே முதலாவது என்பது கட்டளை. ஆயினும் இன்று அப்படங்களைக் காண்போர் அவற்றின் அழகையே முதலில் வியக்கின்றனர்.

பெயர் பெற்ற தொழிலாளர் மூவர்

நம் உறுப்பினர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவாகும். ஒரு படம் உருவாக மூவர் உழைத்தனர். ஆல்பிரெக்ட் மேயர் என்பவர் செடியை நேரில் பார்த்துத் தாளில் வரைந்தார். ஹைன்ரிக் ஃபுல்மௌரர் என்பவர் அவ்வரைவை மரக்கட்டையின் மேல் ஏற்றினார். ஃபைட் ருடோல்ஃப் ஸ்பெக்லே என்பவர் கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு ஏனைய மரத்தைச் செதுக்கி நீக்கினார். அக்கட்டையில் மை தடவித் தாளில் அழுத்தினால் படம் பதியும். துணியில் பூ அச்சடிப்போர் கையாளும் கட்டையும் இத்தகையதே. நம் பட்டுத் தறிகளிலும் ஒருவர் பூவை வரைய, ஒருவர் அதைக் கட்டத்தாளில் ஏற்ற, ஒருவர் அட்டை குத்த, பின்னரே நெசவாளர் கையில் அது பூவாக மலர்கின்றது. இடையில் ஒருவர் தவறினாலும் பூ கெடும்.

அக்காலத்து நூல்களில் ஆசிரியர் பெயர் இருக்கும். அச்சகத்தார் பெயர் இருக்கும். நூலைக் காணிக்கையாகப் பெற்ற பிரபுவின் பெயரும் இருக்கும். வரைந்தவர், செதுக்கியவர் பெயர்கள் இருப்பது அரிது. ஃபுக்ஸ் அவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை. நூலின் தொடக்கத்தில் கையில் செடியுடன் நிற்கும் தம் உருவத்தை வைத்தார். நூலின் முடிவில் அம்மூன்று தொழிலாளரின் உருவங்களையும் பெயர்களோடு பதிப்பித்தார். மேயர் செடியைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். ஃபுல்மௌரர் கட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஸ்பெக்லே உடன் இருக்கிறார். தொழில் செய்யும் நிலையிலேயே தொழிலாளர் அந்நூலில் காட்சி தருகின்றனர். அதனாலன்றோ இன்று நாமும் அவர்கள் பெயரை அறிந்து எழுதுகின்றோம்! எத்தனையோ கோயில் தூண்களைச் செதுக்கியவர் யார், அரசர் உடுத்த பட்டை நெய்தவர் யார் என்பது நமக்குத் தெரியாது. உழைத்தவர் பெயரை எழுதி வைக்கப் பெருஞ்செலவு ஆவதில்லை; மனம் ஒன்றே வேண்டும்.

இப்படங்களை மற்றவர்கள் விடவில்லை. தாவர நூற்படங்களைப் பார்த்துப் படியெடுத்து விற்ற பிராங்க்பர்ட் அச்சகத்தார் எகனோல்ஃப் என்பவருடன் ஃபுக்ஸ் கடுமையாகப் பூசலிட்டார். இங்கிலாந்தின் வில்லியம் டர்னர், நெதர்லாந்தின் டோடோன்ஸ் ஆகியோரின் புகழ்பெற்ற நூல்களிலும் ஃபுக்ஸ் நூலின் படங்களே மீண்டும் இடம்பெற்றன. 1774-இல்கூடச் சூரிச் நகரில் வெளியான தாவர நூல் ஒன்றில் அம்மரக்கட்டைகள் அச்சிடப் பயன்பட்டன. 230 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கட்டைகளை என்னென்பது!

துணிக்கும் சாயத்துக்கும் உரிய செடிகள்

அந்நூல் மருத்துவ நூலே ஆயினும் நெசவுக்குரிய செடிகளும் அதில் உள்ளன. நார் தரும் ஆளிச் செடி உண்டு. கம்பளித் துணியின் மேற்பரப்பில் மென்மயிரை எழுப்புவதற்குப் பயன்பட்ட முட்தலைச் செடியும் உண்டு. அதன் காய்ந்த பூத்தலையில் கொக்கி போன்ற முட்கள் இருக்கும். அவற்றைச் சட்டத்தில் கோத்துத் துணியின்மேல் இழுப்பர்.

சாயச் செடிகளுள் முதன்மையானது வோட் என்பது. அதன் இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்தனர். முன்பு குறித்த எர்ஃபுர்ட் நகரம் இந்த வோட் வாணிகத்தால் செல்வம் கொழித்த ஊராகும். ஃபுக்ஸ் மாணவராக இருந்த காலத்தில் அவ்வூரின் செல்வத்திற்கு அந்த நீல இலை ஒரு பெரும் காரணம். வோட் இலையில் கிடைக்கும் நீலப்பொருளும் நம் அவுரியில் கிடைக்கும் நீலப்பொருளும் ஒன்றே. அவுரியில் அது மிகுதி, வோட்டில் குறைவு. பின்னாளில் இந்திய அவுரி நீலம் கப்பல் வழியாக மிகுதியாகச் சென்றபோது ஜெர்மனியின் வோட் உழவர்கள் நலிந்தனர். அதன்பின், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஜெர்மானிய ஆலைகள் செயற்கை நீலம் செய்து விற்றபோது நம் அவுரி உழவர் நலிந்தனர். ஒரு பயிரை மட்டும் நம்பிய ஊர்கள் இரு நாட்டிலும் ஒரே பாடத்தைக் கற்றன.

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனத்துச் செடியும் அந்நூலில் உண்டு. அதன் வேரில் உள்ள சிவப்புப்பொருள் நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரிலும் உண்டு. சோழமண்டலக் கரையின் துணிகள் உலகெங்கும் விலைபோனதற்கு அவ்வேரின் நிலைத்த சிவப்பும் ஒரு காரணம்.

ஃபுக்ஸ் பெயர் சூட்டிய செடி ஒன்றையும் இங்கே சொல்லலாம். தையல் வேலையில் ஊசி குத்தாதிருக்க விரல் நுனியில் மாட்டும் மூடியை ஜெர்மானியர் 'விரற்குல்லாய்' என்ற பொருளில் வழங்குவர். அம்மூடி போன்ற பூவுடைய செடிக்கும் மக்கள் அப்பெயரையே இட்டிருந்தனர். பழைய நூல்களில் அச்செடிக்குப் பெயர் காணாத ஃபுக்ஸ், மக்கள் சொல்லையே இலத்தீனில் பெயர்த்து 'டிஜிட்டாலிஸ்' என்றார். 1785-இல் இங்கிலாந்தில் வில்லியம் வித்தரிங் என்னும் மருத்துவர் அச்செடியின் இலை நீர்க்கோவை நோய்க்கு மருந்தாவதை விளக்கி நூல் எழுதினார். இதய நோய்க்கு இன்றும் பயன்படும் மருந்து ஒன்று அவ்வினத்துச் செடியிலிருந்தே கிடைக்கின்றது. அதே இலை அளவு மீறினால் உயிரைக் கொல்லும். செடியைச் சரியாக அறிவதன் இன்றியமையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மிளகாயும் மக்காச்சோளமும்

அறிஞரும் பிழை செய்வர். ஃபுக்ஸ் செய்த பிழைகளும் நமக்குப் பாடமே.

கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்து சென்றபின் அமெரிக்காவின் செடிகள் ஐரோப்பாவிற்கு வந்தன. மிளகாய், மக்காச்சோளம், பூசணி வகை, துலுக்கச் சாமந்தி முதலியவற்றை ஃபுக்ஸ் தம் நூலில் படத்துடன் வெளியிட்டார். படங்களில் குறையில்லை, இன்று நாம் பார்த்தாலும் உடனே அடையாளம் காணலாம். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதில் அவர் ஏமாந்தார். மக்காச்சோளத்தைத் 'துருக்கித் தானியம்' என்றார். மிளகாயைக் 'கள்ளிக்கோட்டை மிளகு' என்றும் 'இந்திய மிளகு' என்றும் குறித்தார். மிளகு கள்ளிக்கோட்டையிலிருந்து வருவதால், மிளகு போல் காரமான காயும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எண்ணினர். உண்மையில் மிளகாயின் தாயகம் அமெரிக்கா. போர்த்துகீசியர் கப்பலில் ஏறி அது நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டா. 'மிளகு போன்ற காய்' என்ற பொருளில் மிளகாய் என நாமும் பெயரிட்டோம். சோளத்தோடு 'மக்கா' என்னும் சொல்லைச் சேர்த்தோம்; மெக்சிகோவிலிருந்து வந்த பூவைத் துலுக்கச் சாமந்தி என்றோம். வந்த பொருளுக்குக் கொண்டுவந்தவர் பெயரையோ, தெரிந்த தொலைநாட்டின் பெயரையோ இடுவது எல்லா மக்களின் இயல்பு. பெயரை மட்டும் கொண்டு பிறப்பிடத்தை முடிவு செய்யலாகாது என்பதே இதன் பாடம். ஃபுக்ஸ் தாம் கண்ணால் கண்டதை எழுதிய இடங்களில் வென்றார்; பிறர் சொல்லக் கேட்டதை எழுதிய இடங்களில் தவறினார்.

வேறு குறைகளும் உண்டு. செடிகளை உறவுமுறைப்படி வகுக்காமல் கிரேக்கப் பெயரின் எழுத்து வரிசையில் அடுக்கினார். மருந்துக் குணம் கூறுமிடத்தில் பழைய நூல்களையே பெரிதும் சார்ந்தார். அரபு மருத்துவரின் அறிவை அளவுக்கு மீறி இகழ்ந்தார். இவற்றை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

அச்சேறாத பெருநூல்

1542-இல் நூல் வெளிவந்தபின் ஃபுக்ஸ் ஓய்ந்திருக்கவில்லை. புதிய செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிற நாட்டு அறிஞர்களும் அவருக்கு விதைகளையும் படங்களையும் அனுப்பினர். முதல் நூலைப்போல் மும்மடங்கு படங்களைக் கொண்ட ஒரு பெருநூலை மூன்று பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டு, 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1500-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. புகையிலை, தக்காளி ஆகியவற்றின் மிகப் பழைய படங்கள் அவற்றுள் உள்ளன.

நூல் அச்சேறவில்லை. அவருக்குத் துணைநின்ற அச்சகத்தார் இசிங்ரின் 1557-இல் காலமானார். அத்தனை படங்களுக்கும் கட்டை செதுக்கப் பெரும்பொருள் வேண்டும். ஃபுக்ஸ் செல்வர்களிடமும் பிரபுக்களிடமும் உதவி நாடினார். பாராட்டியவர் பலர், பணம் முழுதும் தர முன்வந்தவர் இலர். பத்து மக்களைப் பெற்ற பேராசிரியர் தம் சம்பளத்தில் அதைச் செய்வது எங்ஙனம்? 1566-இல் அவர் மறைந்தபோது நூல் கையெழுத்துப் படியாகவே நின்றது. ஒன்பது பெருந்தொகுதிகளாக அது இன்று வியன்னா நகரில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. நூற்றாண்டுகள் கடந்தே அறிஞர் அதை ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அதற்குள் அச்செடிகளை மற்றவர்கள் கண்டு எழுதிவிட்டனர். உழவர்க்கும் மருத்துவர்க்கும் உரிய காலத்தில் பயன்பட வேண்டிய விளைச்சல் களஞ்சியத்திலேயே தங்கிவிட்டது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, கைத்திறனும் இருந்தது. இல்லாதது எது? பலரும் சிறு தொகை இட்டுப் பெருமுதலாக்கி, ஒருவர் மறைந்தாலும் பணி மறையாதபடி காக்கும் அமைப்பு இல்லை. ஒரு புரவலரின் மனத்தையும் ஓர் அச்சகத்தாரின் ஆயுளையும் நம்பி நின்ற பணி அவர்களோடு நின்றது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளர் உள்ளிட்ட எளிய தொழிலாளர் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்துக் கடை தொடங்கியதை நாம் முன்னோடிச் செயலாகப் போற்றுகின்றோம். அவர்களுள் எவரும் பெருஞ்செல்வர் அல்லர், பெருமறிஞரும் அல்லர். எனினும் அவர்கள் விதைத்தது அவர்களோடு முடியவில்லை.

பூவும் சாயமும்

ஃபுக்ஸ் பெயர் மற்றொரு வழியாக நெசவாளர் வீட்டிற்கே வந்துள்ளது. அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், சார்ல் புளுமியே என்னும் பிரெஞ்சுத் துறவி கரீபியத் தீவு ஒன்றில் தொங்கும் செந்நிறப் பூக்களையுடைய செடியைக் கண்டார். 1703-இல் அதை நூலில் வெளியிட்டபோது ஃபுக்ஸின் நினைவாக அதற்கு 'ஃபுக்சியா' எனப் பெயரிட்டார். ஃபுக்ஸ் அப்பூவைக் கண்டவரே அல்லர்.

1858-59-ஆம் ஆண்டுகளில் பிரான்சின் லியோன் நகரில் வெர்கன் என்னும் வேதியியலார், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனைக் கொண்டு செந்நீலச் சாயம் ஒன்றைச் செய்தார். பட்டில் அது பளிச்சென ஏறியது. ஃபுக்சியாப் பூவின் நிறத்தை ஒத்திருந்ததால் 'ஃபுக்சின்' எனப்பட்டது. அதை விற்ற நிறுவனத்தார் பெயர் ரெனார். பிரெஞ்சில் ரெனார் என்றாலும் ஜெர்மனில் ஃபுக்ஸ் என்றாலும் பொருள் நரியே. பெயர் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். 1859-இல் இத்தாலியில் மஜந்தா என்னும் ஊரில் போர் நடந்தது. அதன்பின் அதே சாயத்தை மஜந்தா என்று வழங்கத் தொடங்கினர். நம் பட்டுச் சேலையின் உடலிலும் கரையிலும் நாம் விரும்பி வைக்கும் மஜந்தா நிறத்தின் பெயர் இவ்வாறு வந்ததே. பளிச்சென்ற அந்தப் பழைய ஃபுக்சின் வெயிலில் விரைவில் வெளுக்கும் குறையுடையது. நிறத்தின் அழகு வேறு. அதன் நிலைப்பு வேறு.

நமக்குரிய பாடம்

ஃபுக்ஸின் வாழ்விலிருந்து நம் சங்கத்தார் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, பெயரை நம்பாமல் பொருளைப் பார்த்தல். விதையாயினும் சாயமாயினும் நூற்கண்டாயினும், கொள்முதல் செய்யுமுன் நம் கண்ணும் கையும் அதைச் சோதிக்க வேண்டும். சோதித்ததை எழுதி வைக்கவும் வேண்டும்.

இரண்டாவது, மக்கள் மொழியில் அறிவைத் தருதல். இலத்தீன் நூலோடு நில்லாமல் ஜெர்மன் நூலும் கையடக்கப் பதிப்பும் வந்ததால்தான் அறிவு வயலுக்கு வந்தது. சங்கத்தின் கணக்கும் விதிகளும் உறுப்பினர் அனைவர்க்கும் விளங்கும் தமிழில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உழைத்தவர் பெயரை மறவாமை. நான்காவது, நற்பணியை ஒருவரின் ஆயுளோடு கட்டாமல் அமைப்போடு கட்டுதல். இப்பாடத்தைத் தம் குறையால் நமக்குக் கற்பித்தவர் ஃபுக்ஸ். அதற்கும் நாம் நன்றியுடையோம்.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாட:

1. உங்கள் ஊரில் ஒரே பெயரால் வழங்கும் இருவேறு செடிகள் எவை? அவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறீர்கள்?

2. உங்கள் வீட்டு முதியோர் அறிந்த சாயச் செடிகள் எவை? அவற்றின் பயன்முறையை எவரேனும் எழுதி வைத்துள்ளனரா?

3. நம் சங்கம் விற்கும் துணி ஒன்றில் எத்தனை பேர் உழைப்பு அடங்கியுள்ளது? வாங்குவோர் அவர்களுள் எவரையேனும் அறிவரா?

4. இன்று ஒருவரை மட்டும் நம்பி நடைபெறும் சங்கப் பணி எது? அவர் இல்லாத நாளில் அது தொடர என்ன ஏற்பாடு செய்யலாம்?